சிக்கின துவக்கு செத்த துவக்கு இல்லை

மழை விட்டு வாவித் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்த ஒரு தை மாதக் காலையில் படுவான்கரையிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் தூரத்து உறவில் எனக்கு அண்ணன் முறை. வாவியில் வலை போட்டுப் பிழைப்பவர்.

"தம்பி, வலைக்குள்ள ஒரு சாமான் ஏறிக் கிடக்கு. ரி-56 மாதிரித்தான் தெரியுது. சேறும் சிப்பியும் பிடிச்சுக் கிடக்கு. மருமகன் போல்ட்டப் பிடிச்சு இழுத்துப் பாத்தான், அசையுதில்ல. செத்த துவக்குத்தானே? வீட்ட கொண்டு போகவா, திரும்ப ஆத்துக்குள்ளயே போடவா?"

இரண்டும் வேண்டாம், யாரையும் தொட விடாதீர்கள், நான் வருகிறேன் என்றேன். மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அது செத்த துவக்கு இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே தவிர, ஏன் இல்லை என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

என் வயதுக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். சத்தத்தைக் கேட்டு இன்ன துவக்கு, இன்ன திசை, ஓட வேண்டுமா, படுத்தால் போதுமா என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளாகத்தான் நாங்கள் வளர்ந்தோம். வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வாயில் வைத்து விசில் ஊதினோம். பின்னர் நான் ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்தேன். போரை எப்படி எழுதுவது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். துவக்குக்குள் என்ன நடக்கிறது என்று எங்கேயும் யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்குப் பிறகு வாசித்ததையும், அந்த வேலை தெரிந்தவர்களிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். இது துவக்குத் திருத்தும் கைநூல் அல்ல. அனுமதிப்பத்திரத்தோடு பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருப்பவர்கள், அது சிக்கினால் அனுமதி பெற்ற திருத்துநரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு சுற்று

தானே ரவை ஏற்றும் துவக்கு என்பதை ஓர் இயந்திரமாகப் பார்க்கலாம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை உள்ளே இழுக்கிறது, அமுக்குகிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒன்று தவறினால் இயந்திரம் நிற்கும். துவக்கிலும் இதே கதைதான். எரிவது எண்ணெய் அல்ல, ரவைக்குள் இருக்கும் மருந்து. வெளியே போவது புகை மட்டும் அல்ல, வெற்றுக் கோதும்.

விசையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் சுத்தியல் விடுபட்டு அடிஊசியை அடிக்கிறது. ஊசி, ரவையின் அடியில் உள்ள சிறு எரியூட்டியைக் குத்துகிறது. மருந்து பற்றி வாயுவாகிறது. அந்த அழுத்தத்தில் ரவை முனை குழல் வழியே ஓடுகிறது. இது வரைக்கும் பழைய இடியன் துவக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் குழலின் மேல் பக்கத்தில் உள்ள ஒரு சிறு துளையில் தொடங்குகிறது. ரவை முனை அந்தத் துளையைக் கடந்ததும் பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு அதற்குள் புகுந்து ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனோடு போல்ட் பூட்டுத் திறந்து பின்வாங்குகிறது. போல்ட்டின் முகத்தில் ஒரு சிறு கொக்கி உண்டு. அது கோதின் விளிம்பைப் பிடித்து ரவை அறையிலிருந்து இழுத்துவருகிறது. வரும் வழியில் கோது ஒரு முனையில் இடிபட்டு வெளியே எறியப்படுகிறது. அதே ஓட்டத்தில் சுத்தியல் மறுபடி மடங்கி விசையில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் சுருள்வில் அமுங்குகிறது. வில் போல்ட்டைத் திரும்ப முன்னே தள்ளும்போது, அது மகசினின் வாயில் காத்திருக்கும் அடுத்த ரவையை உரசி எடுத்து அறைக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. துவக்கு மறுபடி தயார்.

அரைத் தானியங்கியில் விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த வெடி. முழுத் தானியங்கியில் விசையைப் பிடித்திருக்கும் வரை சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ரி-56 இரண்டும் செய்யும். முழுத் தானியங்கியாக ஓடும்போது அதன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600. அதாவது நான் மேலே ஒரு முழுப் பந்தியில் எழுதியது அத்தனையும் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கில் நடந்து முடிகிறது.

எங்கே நின்றது

திருத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது சுற்று எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான். இடம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்னர் ஆயுதத் திருத்தகம் ஒன்றில் இருந்த ஒருவர் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். இப்போது சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறார்.

ரவை அறைக்குள் ஏறாமல் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் மகசினில். மெல்லிய தகட்டுப் பெட்டி, ஒரு வில், ஒரு தட்டு என்று ஆன எளிய பொருள் அது. ஆனால் அதன் வாய் விளிம்பு கொஞ்சம் வளைந்தாலும், உள்வில் தளர்ந்தாலும், உள்ளே மணல் புகுந்தாலும் ரவை உரிய நேரத்தில் உரிய கோணத்தில் எழும்பாது. துவக்கில் குறை என்று நினைத்து நாள் முழுக்கத் தேடியவர்கள் கடைசியில் மகசினை மாற்றியதும் சரியான கதைகள் அவரிடம் நிறைய இருந்தன.

கோது வெளியே வராமல் அறையிலேயே இருந்துவிட்டால் பார்க்க வேண்டியது அறையையும் கொக்கியையும். வெடிக்கும்போது கோது வீங்கி அறைச் சுவரில் ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விடும். சுவரில் துருக்குழியோ கரியோ இருந்தால் அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். கொக்கி தேய்ந்திருந்தால் நழுவும். தேயாமல் இருந்தால் சிலவேளை கோதின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறும் கொக்கியாகத் திரும்பும். பின்னால் வரும் அடுத்த ரவை, ஏற்கெனவே நிறைந்திருக்கும் அறைக்குள் மோதும்.

கோது பாதி வெளியே வந்து போல்ட்டுக்கு நடுவில் நசுங்கி நிற்பது இன்னொரு வகை. போல்ட் பின்னே போக வேண்டிய தூரம் போகவில்லை என்று அர்த்தம். வாயு போதவில்லை, அல்லது துளை கரியால் அடைத்திருக்கிறது, அல்லது எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பசையாகிப் போல்ட்டைப் பிடிக்கிறது. எண்ணெய் கூடினாலும் துவக்கு சிக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. எங்கள் மணல் நிலத்தில் எண்ணெய் வடியும் துவக்கு மணலைச் சேர்க்கும் பசைத்தாள் ஆகிவிடும் என்றார் அவர்.

எல்லாம் சரியாக ஏறியும் வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால் எரியூட்டி கெட்டிருக்கலாம், ஊசி முறிந்திருக்கலாம், சுத்தியலின் வில் தளர்ந்திருக்கலாம். இவற்றில் மோசமானது தாமத வெடி. எரியூட்டி மெதுவாகப் புகைந்து, ஒரு கணமோ சில வினாடிகளோ கழித்து மருந்து பற்றும். வெடிக்கவில்லையே என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பதற்கும் போல்ட்டைத் திறப்பதற்கும் மனிதனுக்கு அந்த நேரம் போதும்.

கடைசி வகையைச் சிக்கல் என்று சொல்வதே தவறு. குழலுக்குள் சேறோ, முன்னைய ரவையின் முனையோ அடைத்துக் கிடக்கும்போது சுட்டால் அழுத்தம் முன்னே போக வழியின்றிக் குழலைப் பிளக்கும். பிளக்கும் குழல் சுடுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பெரிய இராணுவங்களுக்கும் இதே பாடு

சிக்குவது ஏழைகளின் துவக்குக்கு மட்டும் உரிய குறை அல்ல. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகளுக்குக் கொடுக்கப்பட்ட எம்-16 துவக்குகள் 1966, 1967 ஆண்டுகளில் சண்டை நடுவில் சிக்கின. கோது அறையை விட்டு வரவில்லை. அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்று 1967இல் விசாரித்தது. ரவைக்குள் போடும் மருந்தின் வகையை மாற்றியிருந்தார்கள். புதிய மருந்து சுற்றின் வேகத்தைக் கூட்டியது, கரியும் கூடுதலாகப் படிந்தது. ஈரக் காட்டில் துருவைத் தடுக்கும் குரோமியப் பூச்சு அறைக்குப் போடப்படவில்லை. இந்தத் துவக்குக்குத் துப்புரவு தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துப்புரவுக் கருவிகளும் போதிய அளவு கொடுக்கப்படவில்லை. பின்னர் அறைக்குக் குரோமியம் பூசி, துப்புரவுக் கருவியும் கொடுத்த பிறகே நிலைமை திருந்தியது. இந்தியாவின் இன்சாஸ் துவக்கின் மகசின்கள் 1999இல் கார்கில் குளிரில் வெடிப்பு விட்டன.

எங்கள் மண்ணில் இரண்டு குடும்பங்கள் முக்கியம். ஒன்று எஸ்.எல்.ஆர். இலங்கை இராணுவம் முன்னர் வைத்திருந்ததும், 1987இல் வந்த இந்திய அமைதிப்படை தோளில் தூக்கி வந்ததும் இதுதான். நீளமானது, கனமானது, 20 ரவை மகசின், இந்த வகையில் பெரும்பாலானவை அரைத் தானியங்கி. வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு உண்டு. அழுக்கேறிச் சுற்று மந்தமானால் வாயுவைக் கூட்டலாம். பாலைவன மணலில் சிக்கிய அனுபவத்துக்குப் பிறகு பிரித்தானியர் அதன் போல்ட் தாங்கியில் மணல் ஒதுங்கச் சாய்வான பள்ளங்களை வெட்டினார்கள்.

மற்றது ஏ.கே. குடும்பம். சீனத் தயாரிப்பான ரி-56 அதில் சேர்ந்தது. அதன் உள்ளுறுப்புகளுக்கு இடையில் தாராளமாக இடைவெளி விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் கனமானது. ரவையின் கோது அடியில் பருத்து முனையை நோக்கி ஒடுங்குவது. ஆகையால் சற்றே அசைந்தாலும் அறைச் சுவரை விட்டுக் கழன்றுவிடும். அந்த ஒடுக்கத்தால்தான் அதன் மகசினும் வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது. சேற்றிலும் வெள்ளத்திலும் அது ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் இந்தப் பெயரே எங்களுக்கு ஆபத்தாகவும் முடிகிறது. சிக்காத துவக்கு என்று பெயர் எடுத்த ஒன்று அசையாமல் கிடந்தால், முற்றாகச் செத்துவிட்டது என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

வாவிக்குள் கிடந்த துவக்கு

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரை புலிகளிடமும் இருந்த காலத்தில் வாவிதான் எல்லை. தோணிகளில் ஆயுதம் போனது, தோணியோடு ஆயுதம் மூழ்கியது. 2004இல் கிழக்கில் புலிகள் இயக்கம் பிளவுபட்டுப் பல பிள்ளைகள் வீடு திரும்பியபோதும், 2007இல் இராணுவம் படுவான்கரையைப் பிடித்து அந்த வருட ஆடியில் குடும்பிமலை வரைக்கும் போனபோதும், கையில் இருந்ததை எங்காவது போட்டுவிட்டு நடந்தவர்கள் உண்டு. மண்ணில் புதைத்ததை வெள்ளம் கிளப்பும். வாவியில் போட்டதை வலை கிளப்பும்.

2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வருடக் கணக்கில் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறிய எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உரிய பெருமை அது. ஆனால் அந்த அறிவிப்பு தெரிந்த கண்ணிவெடி வயல்களைப் பற்றியது. கைவிடப்பட்ட துவக்கும் ரவைப் பெட்டியும் கைக்குண்டும் எந்த வரைபடத்திலும் இல்லை.

இனி அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அசையாத துவக்கு என்றால் சுற்று எங்கோ நடுவில் நின்றிருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. எங்கே நின்றது என்று வெளியே இருந்து தெரியாது. அறைக்குள் ரவை இருக்கலாம். சுத்தியல் மடங்கியபடியே, அதன் வில் இழுபட்டபடியே துருப்பிடித்து நிற்கலாம். அந்தத் துருவின் ஒரு பொருக்கு உடைவதற்கு ஓர் உலுக்கல் போதும்.

மகசினைக் கழற்றினால் துவக்கு வெறுமையாகிவிடும் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அறைக்குள் ஏறிய ரவை மகசினோடு வெளியே வராது. மகசின் இல்லாத துவக்கால் செத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

மருமகன் செய்த வேலை இதை விட மோசம். ரி-56இல் அடிஊசி போல்ட்டுக்குள் தளர்வாக முன்னும் பின்னும் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அது துருவில் முன்னே நீட்டியபடி இறுகிப்போனால், போல்ட்டை இழுத்து விட்ட கணத்தில், அது முன்னே போய் ரவையில் மோதும்போதே ஊசி எரியூட்டியைக் குத்திவிடும். அப்போது விசையைத் தொடாமலே வெடிக்கும். குழலில் சேறு அடைத்திருந்தால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னேன்.

இத்தனை வருடம் தண்ணீரில் கிடந்த மருந்து நனைந்து போயிருக்காதா என்று அண்ணனும் கேட்டார். நியாயமான கேள்விதான், சில நனைந்துதான் போயிருக்கும். ஆனால் இராணுவ ரவைகளில் எரியூட்டியைச் சுற்றியும் கோதின் கழுத்திலும் ஈரம் புகாமல் அரக்குப் பூசுகிறார்கள். மழையிலும் ஆற்றிலும் போகும் படைக்காக என்றே செய்யப்பட்ட பொருள் அது. எது நனைந்தது, எது நனையவில்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. நனைந்து காய்ந்ததும் தாமத வெடிக்கு ஏற்றதாக மாறியிருக்கலாம்.

தனியே கிடக்கும் ரவைகளைப் பற்றியும் ஒன்று. வரம்புப் புல்லுக்கும் குப்பைக்கும் நெருப்பு வைக்கும்போது மண்ணில் கிடக்கும் ரவை வெடிப்பதுண்டு. குழலுக்குள் அடைபடாத ரவையின் முனை துவக்கில் இருந்து போவதைப் போல வேகமாகப் போகாது. கோதுதான் கிழிந்து சிதறும். கண்ணுக்கு அது போதும். துவக்கின் அறைக்குள் இருக்கும் ரவை நெருப்பில் வெடித்தால் கதை வேறு. அது முழு வெடி. பழைய இரும்புக்குக் கொடுப்பதற்காகத் துருவை நெருப்பில் காய்ச்சிக் கழற்றப் பார்ப்பவர்களும், சுத்தியலால் தட்டுபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். துவக்கோடு ஒரே மூட்டையில் கைக்குண்டு இருப்பதும் வழக்கம்.

ஆகவே தொடாமல் விடுங்கள். வலையில் ஏறியிருந்தால் உலுக்கி எடுக்க வேண்டாம், வலையை அப்படியே தாழ விட்டு ஓர் அடையாளம் கட்டிவிட்டு விலகுங்கள். கரைக்கு வந்துவிட்டிருந்தால் குழல் நோக்கும் திசையில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். பக்கத்தில் சிகரெட் வேண்டாம். திரும்ப வாவிக்குள் போட்டால் அடுத்த வலை இன்னொருவருடையது.

சொல்லப் பயம்

இது வரைக்கும் எழுதியது இலகு. பொலிஸின் 119க்கு அழையுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். விளம்பரப் பலகைகள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அண்ணன் முதலில் பொலிஸுக்கு அழைக்காமல் எனக்கு ஏன் அழைத்தார் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கும் தெரியும்.

சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது. 1996இல் திருத்தப்பட்ட பின், தானியங்கித் துவக்கை அனுமதியின்றி வைத்திருப்பதற்கு ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். அதற்கு மேல் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. 'கண்டெடுத்தேன்' என்பதற்கும் 'வைத்திருந்தேன்' என்பதற்கும் இடையிலான தூரம், வலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம்தான். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதற்கு வெடி ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று.

பயம் வெறும் கற்பனையும் அல்ல. 2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலையில் இதே படுவான்கரையில், வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்த பிறகுதான், வவுணதீவில் சுட்டதும் அதே குழு என்று தெரியவந்தது. அந்த மனிதர் மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். அவர் உள்ளே இருந்த மாதங்களில் உண்மையான குழு வெளியே இருந்தது. முன்னாள் போராளி ஒருவரின் வலையில் துவக்கு ஏறினால் அவர் எதை நினைப்பார் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் சொல்வது, தனியாகச் சொல்லாதீர்கள். கிராம உத்தியோகத்தர், மீனவர் சங்கத் தலைவர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், பங்குத்தந்தை, பள்ளிவாசல் நிர்வாகி என்று ஊரில் பொறுப்பான இரண்டு பேரையாவது முதலில் அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அவர்களில் ஒருவரின் தொலைபேசியிலிருந்து 119க்கு அறிவியுங்கள். எத்தனை மணிக்குக் கண்டீர்கள், எத்தனை மணிக்கு யாருக்குச் சொன்னீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்கலாம். அதை முகநூலில் போட வேண்டாம். வந்து எடுத்துச் செல்லும் பொலிஸாரிடமோ விசேட அதிரடிப்படையினரிடமோ முறைப்பாட்டுப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டாம். பிறகு யாராவது வீடு தேடி வரத் தொடங்கினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதன் பிராந்திய அலுவலகமும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகமும் மட்டக்களப்பில் இருக்கின்றன. இவை எல்லாம் காப்பாற்றிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒளித்து வைப்பதை விடவும், தனியே போய் நிற்பதை விடவும் நல்லது.

கோதுக்கும் ஒரு கதை

சுற்றின் முடிவில் வெளியே விழும் கோதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசி அதன் அடியில் குத்திய குழி, கொக்கி அதன் விளிம்பில் விட்ட கீறல், வெளியே தள்ளிய முனையின் வடு, அறைச் சுவரின் தடம் என்று ஒவ்வொரு துவக்கும் தன் கையெழுத்தை அதில் வைக்கிறது. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் கோதுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது இதை வைத்துத்தான். கோது விழுந்த இடம், சுட்டவர் ஏறத்தாழ எங்கே நின்றார் என்பதையும் காட்டும். ரி-56 அதை வலப்பக்கமாகச் சில மீற்றர் தூரம் எறியும்.

1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலை மகிழடித்தீவில் மக்கள் கொல்லப்பட்டபோது, இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் அகப்பட்டு இறந்தார்கள் என்ற பேச்சு முதலில் வந்தது. பின்னர் விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 67 பேரின் மரணத்தைப் பதிந்து, அது சண்டையில் நடந்தது அல்ல, பழிவாங்கலாகச் செய்தது என்று சொன்னது. யார் எங்கே நின்று சுட்டார் என்பது எங்களுக்கு எத்தனை பெரிய கேள்வி என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வடக்கே மூதூரில் 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், ஒரேயொரு ரவை முனை பெரிய சர்ச்சையானது. விசாரணைக்கு வந்த அவுஸ்திரேலியத் தடயவியல் மருத்துவ நிபுணர், ஓர் உடலில் கிடைத்தது 5.56 மில்லிமீற்றர் வகை என்று முதலில் எழுதினார். பின்னர் அது 7.62 என்று திருத்தினார். சர்வதேச சட்ட நிபுணர்கள் ஆணைக்குழு சான்றில் கைவைக்கப்பட்டதா என்று கேள்வி எழுப்பியது. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குள் யார் சுட்டார் என்ற கேள்வி முழுக்க அடங்கியிருந்தது. அந்தக் கொலைகளுக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

கோதின் அடியில் தொழிற்சாலையின் குறியும் பெரும்பாலும் ஆண்டும் பொறித்திருக்கும். அதைப் பார்த்தவுடன் 'இது இன்னாருடையது' என்று சொல்லிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. இந்தப் போரில் எல்லாத் தரப்பும் மற்றத் தரப்பின் ஆயுதத்தைப் பறித்து அதாலேயே சுட்டது. குறி சொல்வது எங்கே செய்தது என்பதை. யார் சுட்டது என்பதை அல்ல. அதற்குக் கோதையும் துவக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிணறு தோண்டும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ எலும்போடு கோதுகளும் கிடைத்தால் ஒன்றையும் பொறுக்காதீர்கள், கழுவாதீர்கள். எடுத்த கோது இடத்தை இழந்துவிடும். இடத்தை இழந்த கோது பாதிச் சாட்சி. வேலையை நிறுத்தி, சாட்சிகளோடு அறிவித்து, நீதவானின் உத்தரவோடு தோண்ட விடுங்கள். 1990இல் கொல்லப்பட்ட சத்துருக்கொண்டான் மக்களுக்கும், அதே வருடம் கொல்லப்பட்டுக் குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம் மக்களுக்கும் இந்த வாவிக் கரையில் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது துவக்கு கரையில், வலைக்குள்ளேயே, கண்டல் மரத்தடியில் கிடந்தது. கிராம உத்தியோகத்தரும் சங்கத் தலைவரும் வந்தார்கள். மத்தியானம் கடந்து ஒரு வாகனம் வந்தது. வந்தவர்களில் ஒருவர் குழலை ஆற்றுப் பக்கம் வைத்தபடியே குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். எங்களைத் தென்னைகளுக்கு அப்பால் போகச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கையை உயர்த்தி ஒன்றைக் காட்டினார். அறைக்குள் இருந்து எடுத்த ரவை. கோது பச்சையாகியிருந்தது, அடி மட்டும் மினுங்கியது.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. துவக்கோடு வலையையும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வலைக்கு யார் காசு தருவார் என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.